டிவிக்கு ஒரு கதவு

பல்லடத்துக்குக் கேபிள் வந்த புதிது. ஈஸ்வரமூர்த்தி வாங்கிப்போட்ட டிவிக்கு மரத்தில் இழுப்புக் கதவு இருந்தது. சினிமாப் பாட்டில் யாராவது கட்டிப்பிடித்தால் போதும், எழுந்துபோய் இரண்டு பக்கமும் இழுத்துச் சாத்திவிடுவார். சத்தம் மட்டும் உள்ளேயிருந்து வரும். அவருடைய அம்மா இருந்தவரைக்கும் அந்தக் கிழவிக்காகச் சாத்தினார். அவள் போய்ச் சேர்ந்து, மகனும் விடுதிக்குப் படிக்கப் போனபின் வீட்டில் அவரும் மனைவி ராமாமணியும் மட்டும்தான். ஆனாலும் சாத்தினார்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் புவனா கேட்டாளென்று உறைமோர் கொண்டுபோனாள் ராமாமணி. புவனா பம்பாயில் பிறந்து வளர்ந்தவள். அவளும் அவள் புருசன் நூல் வியாபாரி மதன்குமாரும் கட்டிலில் தோளோடு தோள் சாய்ந்திருந்தார்கள். டிவியில் இந்திப் பாட்டு, மழையில் நனைந்த சேலை. எதிர் நாற்காலியில், தறிக்கு நூல் விசாரிக்க வந்த ஈஸ்வரமூர்த்தி. எழவும் இல்லை, தலை குனியவும் இல்லை.

"உங்க ஊர்ல மழையே இல்லேன்னீங்களே அண்ணா, இங்க எப்படிக் கொட்டுது பாருங்க" என்றாள் புவனா.

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ராமாமணிக்கு வயிறு எரிந்தது. புவனா சாய்ந்திருந்த தோளும் இவருடைய சிரிப்பும் மாறிமாறிக் கண்ணில் குத்தின.

சோறு போடும்போது கேட்டாள். "ஏனுங்க, அவங்க டிவிக்குக் கதவு இல்லீங்களா?"

"அது புது மாடல் அம்மணி."

"எந்திரிச்சுப் போயிக் கையில மறைக்கறதுதானுங்களே?"

"அடுத்தவங்க ஊட்டுல நாம என்ன பண்றது? அவங்க பம்பாய்ப் பழக்கம். நம்மூட்டுக்குன்னு ஒரு மருவாதி வேண்டாமா?"

"அத்தை போயாச்சு. யாருக்குங்க மருவாதி?"

"உனக்குத்தான்."

"அதக் கொண்டுபோயிப் புவனாவுக்குக் குடுங்க. அங்க சிரிச்ச சிரிப்ப எனக்குக் குடுங்க."

வெள்ளிக்கிழமை வீட்டு டிவியில் பாட்டு ஓடியது. கதாநாயகன் கைநீட்டியதுமே ஈஸ்வரமூர்த்தி எழுந்தார். ராமாமணி முந்திக்கொண்டு இரண்டு கதவுக்கும் நடுவில் கையை வைத்தாள்.

"கையெடு புள்ள, நசுங்கிப்போகும்."

"நசுங்கட்டுங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு போய்க் கட்டில் நுனியில் உட்கார்ந்தார். அவளும் வந்து தோள் இடிக்க உட்கார்ந்தாள். அவர் ஃபேனைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

"புவனா ஊட்டுல கண்ணெடுக்காம பாத்தீங்களே?"

"அங்க அது வெறும் படம். நீ பக்கத்துல இருந்தா... வெக்கமா இருக்குது."

அந்த வேர்வையைப் புவனா பார்த்திருக்கமாட்டாள். ராமாமணி முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்துவிட்டாள்.

"இனி நூல் விசாரிக்கோணும்னா போன்ல கேட்டுக்குங்க" என்றாள்.