ஏழு கால் தட்டான்

1

இந்தக் கதை பிறந்த இடம் என் பேண்ட்டின் பின்பாக்கெட். இலக்கியத்தில் இதைவிடக் கண்ணியமான பிறப்பிடங்கள் உண்டு. எனக்கு வாய்த்தது இதுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘விடியலின் பொன்னொளியில் ஆறு தன் கூந்தலை…’ [அடித்துவிட்டேன். ஆற்றுக்குக் கூந்தல் இருப்பது கல்லூரி மலரில் மட்டும்தான்.]

என் எழுத்துக்குப் பிழை பார்ப்பவள் அக்கா. இப்போது குளித்துக்கொண்டிருக்கிறாள். தலைக்குக் குளித்தால் முக்கால் மணி நேரம். இந்தக் கதையின் நீளமும் அவ்வளவுதான்.

2

ஆற்றங்கரைத் தட்டான்பூச்சிகளைக் கணக்கெடுப்பது அக்காவின் வேலை. மூன்று வருடமாக ஓர் அபூர்வத் தட்டானைத் தேடுகிறாள். பார்த்ததாகச் சொல்பவர்கள் மூன்று பேர். மூவரும் ஒருவரையொருவர் நம்புவதில்லை.

இன்று காலை ஆறு மணிக்கு நாணல் தண்டில் கிடைத்தது. தட்டான் அல்ல, அதன் தோல். தண்ணீருக்குள் வளர்ந்த குஞ்சு மேலேறி, முதுகைப் பிளந்துகொண்டு தட்டானாகப் பறந்துவிடும். தோல் தண்டைப் பிடித்தபடியே நிற்கும். அதன் முதுகு முள்ளை லென்ஸில் எண்ணினால் இனம் தெரிந்துவிடும்.*

“இந்தாடா தீப்பெட்டி. கையிலேயே வச்சுக்க. பாக்கெட்ல போட்ட, கொன்னுடுவேன்.”

“வெறும் காலித் தோலுக்கு எதுக்குக்கா இவ்ளோ மரியாதை?”

“உன் மண்டையும் காலிதான். அதையும் பத்திரமாத்தானே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்?”

பின்பாக்கெட்டில் போட்டேன். பைக்கில் உட்கார்ந்தேன். ‘நறுக்’ என்றது.

[*இன்று பதினோரு மணிக்கு ஆற்றங்கரைச் சுவர் பற்றிக் கூட்டம். கரை முழுக்க சிமெண்ட் சுவர் வரப்போகிறது. “பூச்சி இருக்குன்னா காட்டுங்கம்மா, நிறுத்திடறோம்” என்றிருக்கிறார் பொறியாளர். சுவர் வந்தால் நாணல் இருக்காது. நாணல் இல்லாவிட்டால் ஏற இடம் இருக்காது.]

3

முடிவு அ: பழியைப் பூனைமேல் போடுவது. அதற்கு முதலில் ஒரு பூனை வேண்டும்.

முடிவு ஆ: பசை. ஒட்டியே விட்டேன். ஏழு கால் வந்தது. ஏழாவது, ஜன்னலோரம் செத்துக்கிடந்த பூச்சி யாரோ ஒருவருடையது. தூரத்திலிருந்து பார்த்தால் கம்பீரமாகத்தான் இருக்கிறது. பொறியாளர் கால் எண்ணமாட்டார்.

ஆனால் என்றாவது யாராவது எண்ணுவார்கள். அன்றைக்கு அக்காவின் மூன்று வருடமும் சேர்ந்து பொய்யாகிவிடும். உட்கார்ந்தது நான், பெயர் கெடுவது அவ…

[குழாய் நின்றுவிட்டது.]

4

அக்கா, பிழை திருத்த வேண்டாம். இந்தத் தாள்மேல் இருக்கும் தீப்பெட்டியைத் திறக்காதே. திறந்தாலும் கால்களை எண்ணாதே. மணி எட்டு. நான் ஆற்றுக்குப் போகிறேன். ஒன்று ஏறியிருந்தால் பக்கத்திலேயே இன்னொன்றும் ஏறியிருக்கும் என்று நீதான் சொன்னாய். கிடைக்கிற தோலையெல்லாம் தொடாமல், தண்டோடு வெட்டி வைக்கிறேன். எது உன்னுடையது என்று எனக்குத் தெரியாது. அதனால் இந்தக் கதையை என்னால் முடிக்க முடியாது.

லென்ஸ் எடுத்துட்டு வா. திட்டறத அங்க வந்து திட்டு.