எலிக்குக் கொடுத்த மருந்து

மகள் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது, "இவ்வளவு படிச்சது மீன் செதிள் சுரண்டவா?" என்று கேட்டவர்தான் பெரியவர். மீன் தோலிலிருந்து பிரித்த ஏதோ ஒன்று எலிகளுக்குப் புற்றுநோய் பரவாமல் நிறுத்துகிறது என்று அவள் சொன்ன நாளிலிருந்து பேச்சு மாறிவிட்டது. தன் தங்கையின் மார்பில் வந்த கட்டி நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்த அன்று, அழுத உறவுக்கூட்டத்தை ஒரே அதட்டலில் அடக்கினார். "எதுக்கு ஒப்பாரி? நம்ம வீட்டுப் பொண்ணு கையில மருந்து இருக்கு."

அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் இப்போது ஆய்வுக்கூடத்தில் மகளின் எதிரில் நின்றிருந்தார். அவள் குளிர்பெட்டியில் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள்.

"அதுல ஒண்ணை உங்க அத்தைக்குக் கொடு."

"இது எலிக்குப்பா. மனுஷங்களுக்குக் கொடுக்கக் கூடாது."

"ஒண்ணு குறைஞ்சா யாருக்குத் தெரியப்போகுது?"

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. பெற்ற மகளைத் திருடச் சொல்லிவிட்டார். முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் நீட்டிய கையை மடக்கவில்லை.

மகள் கையுறையைக் கழற்றினாள். "வேலை போனாப் போகட்டும்னு நானே எடுத்துட்டு வந்திருப்பேன்பா. ஆனா இது கட்டியிலிருந்து நோய் கிளம்புறதைத்தான் தடுக்கும். அத்தைக்கு ஏற்கெனவே பரவிடுச்சே. பரவின எலிங்களுக்கும் கொடுத்துப் பார்த்தேன். ஒண்ணுகூடப் பிழைக்கலை."

வீட்டில் கூடம் நிறைய உறவினர்கள். பெரியவர் யாரையும் பார்க்காமல் தங்கையின் அறைக்குள் போனார்.

"என்னண்ணா வெறுங்கையோட வர்றீங்க? உங்க பொண்ணு கடையில இன்னிக்கு மீன் தீர்ந்துபோச்சா?" மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

"உனக்கு அந்த மருந்து கேட்காதாம்மா. தெரியாம வாய் விட்டுட்டேன்."

சிரிப்பு மெல்ல வடிந்தது. "நான் நம்பிட்டேனே அண்ணா," என்றாள்.

அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். கூடத்திலிருந்து யாரோ, "மருந்து வந்துடுச்சா?" என்று குரல் கொடுத்தார்கள்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எலிக்குக் கொடுக்கிறது எனக்கு எதுக்குன்னு நானே வேணாம்னுட்டதா சொல்லிடுங்க. நாலு பேர் முன்னாடி உங்க பேச்சு கீழே விழ வேணாம்."

"விழட்டும்மா."

எழுந்து அறையின் வாசற்படி வரை போனார். எல்லா முகங்களும் நிமிர்ந்தன. "அந்த மருந்து அவளுக்குக் கேட்காது. நான்தான் தெரியாம வாய் விட்டுட்டேன்," என்றார்.