வெள்ளி மருந்து, சனி எண்ணெய்

...பத்து நிமிடம் நுரை உடம்பிலேயே ஊற வேண்டுமாம், அதற்குள் கழுவிவிட்டால் மருந்து ஷாம்பூ போட்டதே வீண் என்று டாக்டர் சிவரஞ்சனி சொல்லியிருக்கிறாள், என்னைவிட நாலு வயது சின்னவள், புதுக்கோட்டையில் சொந்தமாக நாய் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறாள், நான் திருக்கோகர்ணத்துக் கொல்லைக் குழாயடியில் ஒரு லாப்ரடாரின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறேன்... மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கிறது. அசையாதே சனியனே. அது எங்கே அசைகிறது, வாலை மட்டும் ஆட்டுகிறது, இத்தனைக்குப் பிறகும் என்னைப் பார்த்து வாலாட்ட இதற்கு வெட்கமாக இல்லையா? அக்குளில் முடி கொட்டித் தோல் கறுத்துத் தடித்துவிட்டது, விரலிடுக்கெல்லாம் நக்கி நக்கிச் சிவந்து கிடக்கிறது, காதைத் தூக்கினால் புளித்துப் பொங்கிய மாவு வாடை, உள்ளே வெல்லப்பாகு மாதிரி பழுப்பு அழுக்கு. போன வெள்ளிக்கிழமை துடைத்த காதுதான் இது. நானேதான் துடைத்தேன்.

பத்தரைக்கு அவர் தோஹாவிலிருந்து கூப்பிடுவார், வெள்ளிக்கிழமை விடுமுறை, மருந்துக் குளியலை வீடியோவில் பார்க்க வேண்டும் அவருக்கு. என்னைப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, கல்யாணமாகி ஐந்து வருடம், பார்த்த முகம்தானே... போன தடவை லீவில் வந்தபோது இந்தக் குட்டியைத் தூக்கிவந்து, "ஒனக்குத் துணைக்கு" என்று மடியில் போட்டு, சுல்தான் என்று பேரும் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு பதினைந்து நாளைக்கு ஒரு போன், கரண்டு இருக்கா, கறம்பக்குடிக்குப் போய் அம்மாவப் பாத்தியா, சரி வைக்கிறேன். எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் ஆண்பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல், காதில் இரண்டு சொட்டு வெதுவெதுப்பான நல்லெண்ணெய். இந்த வீட்டில் இருக்கிற ஒரே ஆண்பிள்ளை சுல்தான்தானே என்று நானும் தேய்த்துவிட்டேன், சத்தியமாக ஆசையாகத்தான் தேய்த்தேன். மூன்றே வாரத்தில் தலையை உதற ஆரம்பித்தது, காதைத் தரையில் தேய்த்து ஊளையிட்டது. டாக்டர் பஞ்சில் அழுக்கெடுத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினாள், வேர்க்கடலை வேர்க்கடலையாக ஏதோ கூட்டம். "ஈஸ்ட்டுங்க அக்கா. ஒரு மாதிரி பூஞ்சை. எல்லா நாய் தோலுலயும் கொஞ்சம் இருக்கும், எண்ணெயும் ஈரமும் கெடச்சா பெருகிரும். இனிமே சொட்டு எண்ணெய் வைக்காதீங்க." தலையாட்டினேன். அன்று இரவே அவருக்குச் சொன்னேன், அடுத்த இருபது நாளும் தினம் போன், தினம்! "காத காட்டு திலகா... இன்னும் கிட்ட கொண்டா... நீ எப்படி சமாளிக்கிற?" நீ எப்படி என்று கேட்டார், என்னைத்தான் கேட்டார். பிறகு காது ஆறியது, போனும் நின்றது. நான் என்ன செய்வேன்? ஒரு சனிக்கிழமை கரண்டியில் எண்ணெயைக் காய்ச்சினேன். முதல் தடவை தெரியாமல் செய்தது. அப்புறம் பதினோரு சனிக்கிழமை, தெரிந்தேதான் செய்தேன். வெள்ளிக்கிழமை மருந்து, சனிக்கிழமை எண்ணெய், ஆறவும் ஆறாது, சாகவும் சாகாது. அதுவும் எண்ணெய்க் கரண்டியைக் கண்டால் தானே வந்து காதைச் சாய்த்துக் கொடுக்கும், மடச் சனியன், கடித்துத் தொலைத்திருந்தாலாவது நான் நிறுத்தியிருப்பேன்.

ஏழு நிமிடம்... துவைகல்லின் மேலிருந்த சில்வர் குடம் வழுக்கி அதன் முதுகுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் விழுந்தது, பக்கத்து வீட்டுக் கோழிகூடக் கத்தியது. சுல்தான் திரும்பவில்லை. பின்னால் போய்க் கைதட்டினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். காதுக்குப் பக்கத்தில் குனிந்து கத்தினேன், என் மூச்சுக்காற்று பட்ட பிறகுதான் திரும்பி முகத்தை நக்க வந்தது. போன மாதமே டாக்டர் சொன்னாள், "திரும்பத் திரும்ப ஏன்க்கா வருது? காதுக்குழா தடிச்சு அடைச்சுக்கிட்டே போகுது, செவிப்பறை போச்சுன்னா காது கேக்காது." சொன்னபோது மொபைலில் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அழ வேண்டும், இல்லையா? பாவம் என்றாவது தோன்ற வேண்டும். எனக்குத் தோன்றியதெல்லாம் அவர் கூப்பிட்டால் இது இனிமேல் எப்படித் திரும்பும் என்பதுதான். செவிட்டு நாயிடம் பேச யார் போன் போடுவார்கள்?

போட்டார். "டேய் சுல்தானு!" வழக்கமாக இந்தக் குரலுக்குத் துள்ளி வந்து திரையை நக்கும், இன்று நுரையோடு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. "என்ன திலகா, திரும்பவே மாட்டேங்குறான்?" "கோவமா இருக்கான்ங்க," என்றேன், எப்படித்தான் வாயில் வந்ததோ, "நீங்க வரலைன்னு கோவம். காதுகிட்ட வைக்கிறேன், பேசுங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "தங்கம்... சாப்டியாடா? ரொம்ப அரிக்குதா? நானும் இங்கன தனியாத்தான்டா கெடக்கேன். ரூம்ல பேச ஆளே இல்லடா..." இந்தக் குரல் எனக்குத் தெரியாது. ஐந்து வருடத்தில் ஒரு நாளும் இப்படி என்னிடம் பேசியதில்லை, பேசத் தெரியாத மனுஷன் என்றல்லவா நினைத்திருந்தேன். "கோவிச்சுக்காதடா. ஒரே ஒரு சத்தம் குடு, கேட்டுட்டு வச்சிர்றேன்." சுல்தான் சத்தம் கொடுக்கவில்லை. அவர் மறுபடி தங்கம் என்றார், மறுபடி கெஞ்சினார். அது சத்தம் கொடுக்காதவரை அவர் போனை வைக்கப் போவதில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாயின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, போனை என் காதுப் பக்கம் திருப்பினேன்.