ஓரத்து நாற்காலி

ஃபிரேம் போட என் கடைக்கு வந்த ஓவியத்தில், மங்கலான சமையலறையில் ஒரு பெண் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். எதிரே ஓரமாக ஒரு காலி நாற்காலி. ஊரைவிட்டு வந்ததிலிருந்து தனியாகவே சாப்பிடுகிறவன் நான். அவள் வந்தபிறகு, மதியச் சாப்பாட்டை அவள் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

இன்று ஓவியத்தை வாங்கிப்போக அதன் சொந்தக்காரம்மா வந்துவிட்டார்.

"என்னண்ணே, நாற்காலியைக் காணோம்?"

அளவெடுக்கும்போது ஓவியத்துப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சட்டத்துக்குள்ள மறைஞ்சிடுச்சும்மா. அளவு தப்பிடுச்சு."

"நல்லா அளந்தீங்க போங்க! விட்டா ஆளையும் சேர்த்து முழுங்கியிருப்பீங்க. பிரிச்சு மறுபடி போடுங்க."

திட்டு உறைக்கவே இல்லை.

"நாளைக்குச் சாயங்காலம் வாங்கம்மா" என்றேன்.

அவர் போனதும் ஆணிகளைப் பிடுங்கினேன். நாற்காலி வெளியே வந்தது. நாளை மதியமும் அவள் இருப்பாள்.