ஈசான மூலையில் செவிடான மெஷின்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மொன்றியலின் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் அன்னதானம் நடந்தபோது, பக்கத்தில் இருந்து சாப்பிட்ட பேரின்பநாதன் அதை என் காதில் ஊற்றினார். அவருடைய மனைவி சிவநேசத்தின் சங்கிலி தொலைந்துவிட்டதாம். பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் சாருஜாதான் எடுத்தாளாம். அதை அவர் மெஷின் வைத்தே நிரூபித்துவிட்டாராம்.

"மனுசர் பொய் சொல்லுவினம், அண்ணை. மெஷின் சொல்லாது."

நான் தலையாட்டினேன். வாயில் வடை இருந்தது. (வடையைச் சாட்டக்கூடாது. வாய் சும்மா இருந்திருந்தாலும் ஆட்டியிருப்பேன்.)

2

நான் எழுதிப் பார்த்த முதல் ஆரம்பம்: "மொன்றியலின் இலையுதிர்காலம் பொன்னை வாரி இறைத்த ஒரு மாலையில்"

போதும். இங்கே தமிழில் எழுதுகிற எல்லோரும் ஆளுக்கொரு மேப்பிள் இலையைக் கைவசம் வைத்திருக்கிறோம். சம்பவம் நடந்தது ஜூனில், மத்தியானத்தில். இலையெல்லாம் பச்சை.

இரண்டாவது ஆரம்பத்தை, ரொறன்ரோவில் சஞ்சிகை நடத்தும் சாரங்கன் தொலைபேசியில் இலவசமாகத் தந்தார். "மெட்டல் டிடெக்டர் எண்டா கண்ணிவெடி வரவேணும், அண்ணை. சனம் அதைத்தான் எதிர்பார்க்கும்."

சனம் எதிர்பார்க்கிறதைச் சனமே எழுதிக்கொள்ளட்டும். இதில் வெடி கிடையாது. ஒரு பின்வளவு, ஒரு சங்கிலி, ஒரு மடையன். அவ்வளவுதான்.

3

அன்று காலை சிவநேசம் பின்வளவில் மிளகாய்க் கன்று நட்டார். மத்தியானம் பாபிகியூ. பதினைந்து பேர் வந்தார்கள். சாருஜா, பாவம், மரியாதைக்காக மேலே வந்து கோப்பைகள் தூக்கிக் கொடுத்தாள். பின்னேரம் பார்த்தால் சிவநேசத்தின் கழுத்து வெறுமையாக இருந்தது.

பதினைந்து விருந்தாளிகள் இருந்தும் சந்தேகம் நேராகப் படியிறங்கி பேஸ்மென்டுக்குப் போனது. "மட்டக்களப்புப் பெட்டை. நான் அப்பவே சொன்னனான்" என்றார் சிவநேசம். எப்போது சொன்னார், என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தாருக்கு, மட்டக்களப்பார் என்றாலே வரும் இந்தச் சந்தேகத்தை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. நானும் யாழ்ப்பாணத்தான்தான்.

(இந்த இடத்தில் முதல் பிரதியில் சாருஜாவை அழவைத்தேன். "அவளுடைய கண்களில் திரண்ட" என்று தொடங்கும் வசனம் அது. வெட்கக்கேடு. கார்தெறி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பன்னிரண்டு பேரை நாள் முழுக்க மேய்க்கிறவள் இதற்கெல்லாம் அழுவாளா?)

அவள் அழவில்லை. பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்றை யாரிடமோ வாங்கிவந்தாள். "மண்ணுக்குள்ள கிடக்கும், அங்கிள். தேடுவம்."

"கொண்டா இஞ்ச. நான் பாக்கிறன்" என்று பேரின்பநாதன் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

4

இனிக் கொஞ்சம் பாடம். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் தாண்டிப் போகிறவர்கள்தான் பேரின்பநாதன் ஆகிறார்கள்.

மண்ணுக்குள்ளும் இரும்புத்தாது இருக்கிறது. மெஷின் அதற்கும் கத்தும். ஆகவே தேடுவதற்கு முன் அதற்கு மண்ணைப் பழக்க வேண்டும். இதற்குப் பெயர் கிரவுண்ட் பாலன்ஸ். உலோகம் எதுவும் புதையாத ஒரு துண்டு நிலத்தைப் பார்த்து, வட்டத் தட்டை ஒரு அடி உயர்த்தி, தாழ்த்தி, உயர்த்தி, தாழ்த்தி, சத்தம் மாறாமல் நிற்கும்வரை திருகியைத் திருப்ப வேண்டும். "இதுதான் வெறும் மண், இதை விட்டுவிடு" என்று சொல்லிக்கொடுக்கிற வேலை. அந்த நிலத்தில் உலோகம் இருந்துவிட்டால் பாடமே பிழைத்துவிடும்.

"சுத்தமான நிலமா இருக்கோணும், அங்கிள்" என்றாள் சாருஜா.

"சுத்தமான நிலம் எது எண்டு எனக்குத் தெரியாதோ?"

நேரே ஈசான மூலைக்குப் போனார். நல்ல காரியம் எதையும் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது அவர் கட்சி. வீடு வாங்கிய வருடம் சாத்திரியாரைக் கூப்பிட்டு, அதே மூலையில், அதே மண்ணுக்குள், யந்திரம் கீறிய செப்புத் தகடு ஒன்றைத் தாட்டதும் அவரேதான்! இதையும் அவர்தான் எனக்குப் பெருமையாகச் சொன்னார், பாயசத்தின்போது.

செம்புக்கு மேலே நின்று மெஷினுக்கு மண் பழக்கினார். அந்த இடத்தில் மெஷின் அமைதியானது. அடுத்த அடியில் அலறியது. வளவு முழுக்க அலறியது. மனிதர் என்ன செய்தார்? சென்சிட்டிவிட்டியை, அதாவது மெஷினின் காதை, அடிமட்டத்துக்கு இறக்கினார். சத்தம் நின்றது. இருபது நிமிடம் கம்பீரமாக நடந்தார்.

"மண்ணுக்குள்ள ஒண்டும் இல்லை" என்று அறிவித்தார். பிறகு சாருஜாவைப் பார்த்தார்.

கேட்டது இவ்வளவும்தான். இனி வருவது நான் கட்டுவது.

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சங்கிலி மண்ணிலிருந்து வருகிறது. ஒன்றில் சிவநேசத்தின் கையுறைக்குள் இருந்து விழுகிறது. ஒன்றில் வரவே இல்லை, சாருஜா பெட்டியோடு பஸ்ஸுக்கு நிற்கிறாள், மழை வேறு பெய்

மழையைக் கிழித்தேன். மற்ற இரண்டையும் கிழித்தேன். அவற்றில், அவள் கள்ளி இல்லை என்று சொல்ல ஒரு சங்கிலியைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது.

ஆகவே அடுத்த நாள். வீட்டில் யாரும் இல்லை. சாருஜா வளவின் நடுவே ஒரு இடத்தைத் தேர்ந்து, மெஷினை அணைத்து மறுபடி போட்டு, முதலிலிருந்து மண் பழக்குகிறாள். ஆசிரியன் என்ற அதிகாரத்தில் நான் பக்கக் கதவைத் திறந்து வளவுக்குள் போனேன்.

"கிடைச்சா என்ன செய்வாய்?"

"மேசையில வெச்சிட்டுப் போவன். வேற வீடு பாத்திட்டன்."

"கிடைக்காட்டி?"

"அப்பவும் போவன்."

"பேந்து ஏன் தேடுறாய், பிள்ளை?"

நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்காகத்தான் தேடுறன். நான் எடுக்கல்ல எண்டு எனக்குத் தெரியுமே."

அவள் சென்சிட்டிவிட்டியைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். ஏழாவது அடியில் மெஷின் தெளிவாக, ஒரே குரலில் சத்தமிட்டது.

போத்தல் மூடியாகவும் இருக்கலாம். நான் எழுதுவது இதோடு முடிகிறது. கீழே என்ன கிடக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாதவர்கள் தோண்டுங்கள், மண்வெட்டி கராஜுக்குள் இருக்கிறது. ஆனால் தோண்ட முதல் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். தோண்டிய பிறகு கேட்டால் அவள் ஏற்கமாட்டாள்.