நாற்பதாவது நாற்காலி

"ஒரு மூச்சுகூட வெட்டக் கூடாது" என்றார் இசையமைப்பாளர். "அன்னிக்கு என்ன பதிவாச்சோ, அது அப்படியே இருக்கணும். என் சங்கீதத்துல தூக்கிப் போட எதுவும் கிடையாது."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் சின்னவள் மாதக்கணக்கில் பொறி வைத்துக் காத்திருந்தாள். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "உங்க இஷ்டம் ஐயா" என்றாள், பூனை மாதிரி.

கண்காட்சிக் கூடத்தின் நடுவில் ஒரு சின்ன மேடை. அதைச் சுற்றிப் பிறை வடிவில் நாற்பது நாற்காலிகள். இசையமைப்பாளரின் புகழ்பெற்ற சிம்பொனி பதிவான அன்று வாத்தியக்காரர்கள் எப்படி உட்கார்ந்திருந்தார்களோ, அதே வரிசை. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், அன்றைக்கு அங்கே இருந்தவர் காதில் விழுந்தது மட்டும் தலைமாட்டு ஒலிபெருக்கியில் வரும். பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்காது. நாற்பதிலும் ஆள் இருந்தால்தான் மேடையில் முழு இசையும் எழும். ஒருவர் எழுந்தால் போச்சு, மேடை ஊமையாகிவிடும்.

யோசனை முழுக்கச் சின்னவளுடையது. அருங்காட்சியகத்தின் வடிவமைப்பாளர் அவள்தான்.

இன்று சோதனை. நாற்காலிகளில் ஆளுக்குப் பதில் மணல் மூட்டைகள். மேடையில் நின்று கண்ணை மூடிக் கேட்ட இசையமைப்பாளர், "என் பழைய ஆளுங்களைவிட மூட்டைங்க ஒழுங்கா இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நாற்காலியிலயும் ஒரு தடவை உக்காந்து கேட்டுடலாமே மாமா?" என்றார் மாப்பிள்ளை. மாமனாரின் அறக்கட்டளையை நிர்வகிப்பவர். எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற ஆள்.

சின்னவள் கடைசி நாற்காலிப் பக்கம் பார்வை போகாமல் பார்த்துக்கொண்டாள்.

இசையமைப்பாளர் புன்னகை மாறாமல் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டார். காதருகே குனிந்து ஏதோ சொன்னார். மாப்பிள்ளையின் முகம் அறை வாங்கியது போலச் சிவந்தது. பிறகு சத்தமாக, "நான் எங்க நின்னேனோ அங்க நின்னு கேட்டாச்சு மாப்பிள்ளை. அதுதான் இசை. மத்தது இரைச்சல்" என்றார்.

அவர் வாழ்நாளில் ஒரு தடவைகூட மேடையை விட்டு இறங்கி வேறு யார் நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை. சின்னவளின் திட்டமே அந்தப் பலவீனத்தின் மேல்தான் நின்றது.

அந்தப் பதிவு நாளில் கடைசி வரிசை, கடைசி வயலின் சின்னவளின் அக்கா. ஒத்திகையில் ஓர் இடத்தில், "ஐயா, இங்க ரெண்டு ஸ்வரம் மோதுதே, எழுதினது சரிதானா?" என்று கேட்டுவிட்டாள். எல்லோர் எதிரிலும் அவர் கைகூப்பினார். "நல்ல காதும்மா உங்களுக்கு." தாளில் திருத்தினார். பிறகு பதிவு தொடங்கும் நேரத்தில் அவள் நாற்காலிப் பக்கம் வந்து, குனிந்து, ரகசியமாக ஏதோ சொன்னார்.

அதற்குப் பிறகு எந்தக் குழுவும் அக்காவைக் கூப்பிடவில்லை. "வாசிக்கத் தெரியாதவ, வில்லை சும்மா ஆட்டினா" என்று ஊரெல்லாம் பேச்சு. நடந்ததை வீட்டில் சொன்னாள். "அதிர்ந்துகூடப் பேசாத மனுஷன்டி அவர். நீதான் ஏதாவது பிசகியிருப்பே" என்றாள் அம்மா. அதைச் சொன்ன வாயோடுதான் போய்ச் சேர்ந்தாள். அக்கா வயலினை விற்றுவிட்டுக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலைக்குப் போனாள்.

பல வருஷம் கழித்து, கண்காட்சிக்காகப் பழைய ஒலிநாடாக்கள் வந்தன. ஒலிப் பொறியாளர் கடைசி நாற்காலி மைக்கின் பதிவைத் தனியாகப் பிரித்துக் கேட்டதும் சின்னவளைக் கூப்பிட்டார். எல்லோரும் அவரை ஒயர் என்றுதான் அழைப்பார்கள். ஹெட்ஃபோனை மட்டும் நீட்டினார்.

மறுநாள் சின்னவள் அதைப் பயிற்சிக் காருக்குள் அக்காவுக்குப் போட்டுக்காட்டினாள். அக்கா கடைசி வரை கேட்டாள். கண் கலங்கவில்லை.

"பத்திரிகைக்குக் கொடுத்துடலாமா அக்கா?"

"கொடுத்தா? வயசானவர், பாவம்னு நாலு பேர் வக்காலத்து வாங்குவாங்க. எனக்கு நியாயம் வேணாம்டி. அவன் மூஞ்சியைப் பாக்கணும். ஊர் கேக்கறதுக்கு முன்னாடி அவன் கேக்கணும், என் இடத்துல உக்காந்து."

"அவர் மேடையை விட்டு இறங்க மாட்டார் அக்கா."

"பிரேக்ல காலை வெச்சுக்கிட்டு வண்டி ஓடலைன்னு அழாதே. இறக்கு."

திறப்பு விழா. கடைசி நாற்காலியின் ஒலியை ஒயர் காலையில்தான் இணைத்தார். விருந்தினர்கள் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார, கேமராக்கள் மொய்த்தன. இசையமைப்பாளர் மேடையேறிக் கைகளைத் தூக்கினார். சத்தம் வரவில்லை.

"கடைசி நாற்காலி காலியா இருக்கு ஐயா" என்றாள் சின்னவள். காலியாக வைத்திருந்ததே அவள்தான்.

"மாப்பிள்ளை, போய் உக்காருங்க."

இது அவள் கணக்கில் இல்லை. மாப்பிள்ளை உட்கார்ந்தார். மேடையில் இசை பொங்கியது. அவரோ விறைத்துப்போனார். கையை நாற்காலிப் பிடியில் இறுக்கினார். சின்னவளை நிமிர்ந்து பார்த்தார், நீண்ட நேரம். முடிந்தது கதை என்று அவள் நினைத்தாள்.

மாப்பிள்ளை எழுந்தார். இசை அறுந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் இசையமைப்பாளர்.

"மாமா, இதை நீங்கதான் கேக்கணும்." மாப்பிள்ளையின் குரலில் அப்படியொரு பணிவு. "உங்க குரல் இருக்கு. அவ்வளவு தெளிவு. ஒரு வாத்தியக்காரரைப் பக்கத்துல வந்து நீங்க எப்படித் தயார் பண்ணினீங்கன்னு அப்படியே கேக்குது. பத்திரிகைக்காரங்களும் படம் எடுத்துக்கட்டும்."

தன் குரல் என்றதும் கிழவரின் முகம் மலர்ந்தது. மேடையை விட்டு இறங்கினார். உட்கார்ந்தார். மற்ற முப்பத்தொன்பதிலும் ஆள் இருந்தது. இசை எழுந்தது. கண்ணை மூடினார்.

அவர் காதில் மட்டும் அது விழுந்தது. "வில்லு நரம்புல படக் கூடாது. சும்மா ஆட்டு. தப்பு கண்டுபிடிக்கிற காதுக்கு இனி வேலை இல்ல. எவனும் உனக்கு நாற்காலி போட மாட்டான். அதை நான் பாத்துக்கறேன். சிரி, எல்லாரும் பாக்கறாங்க." அதற்குப் பிறகு வாசிக்கப்படாத ஒரு வயலினின் மௌனம். ஒரு பெண் விசும்பலை விழுங்கும் சத்தம்.

அவர் கண்ணைத் திறந்தார். காலியாகியிருந்த மேடையில், கூட்டத்திலிருந்து ஏறி வந்த அக்கா நின்றிருந்தாள். கையைக்கூட அசைக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

அவர் பாதி எழுந்தார். மேடை ஊமையானது. கூடம் முழுக்கத் தலைகள் திரும்பின. அந்த நாற்காலிக்காகக் காத்திருந்த வரிசையில் முதலில் நின்ற நிருபர் ஓரடி முன்னால் வந்து, "எழுந்துட்டீங்களா ஐயா? நான் உக்காரட்டுமா?" என்றார்.

கிழவர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"நிறுத்தச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் பல்லிடுக்கில்.

"இவ்வளவு கேமரா முன்னாடி நிறுத்தினா ஏன்னு கேப்பாங்களே மாமா. வெளிய கார்ல இருக்கேன். மெதுவா வாங்க." மாப்பிள்ளை நடந்தார். அப்படி ஒரு நிமிர்ந்த நடையைச் சின்னவள் அவரிடம் பார்த்ததில்லை.

சிம்பொனி முடிந்தது. சுற்றிலும் விருந்தினர்கள் இடம் மாறி உட்கார, மறுபடி தொடங்கியது. கடைசி நாற்காலிக்கு மட்டும் வரிசை நகரவேயில்லை. "ஐயாவுக்குத் தன் இசைமேல எவ்வளவு பிரியம் பாருங்க" என்றார் ஒரு பெண்மணி, நெகிழ்ந்துபோய்.

அக்கா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். முகம் நிறையச் சிரிப்புடன், கேமராக்கள் பார்க்க, அவர் தோளில் கை வைத்துக் குனிந்தாள்.

"ஒரு வருஷம் நடக்குது இந்தக் கண்காட்சி. தினம் காலையில பத்து மணிக்குக் கதவைத் திறப்பாங்க. முதல் ஆளா வந்துடு. இல்லேன்னா வேற யாராவது உக்காந்துடுவாங்க."