வலப்பக்கம் காலியா?

கார் பந்தய மைதானத்தில் பார்வையாளர் மாடத்தின் கூரையில் நின்று, பந்தயக் கார் ஓட்டும் டெல்மாருக்கு வாக்கிடாக்கியில் வழி சொல்வதுதான் பன்னிரண்டு வருஷமாக என் வேலை. ஹெல்மெட்டுக்குள் அவனுக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. "காலி" என்று நான் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு காரைத் திருப்புவான். குடிக்காதே என்று சொன்னால் மட்டும் அந்தச் சனியன் பிடித்த காதில் ஏறாது. போன வருஷம் ரோட்டில் ஓட்டும் லைசென்ஸும் போனது, பெண்டாட்டியும் போனாள்.

இன்று மத்தியானம் நான் வீட்டில் பீன்ஸ் சுடவைத்துக்கொண்டிருந்தபோது போன் செய்தான். நாக்குக் குழறியது, சுற்றிலும் லாரி இரைச்சல்.

"ராய்ஸு, நெடுஞ்சாலையில நூறு மைல் வேகத்துல போறேன்டா!"

"பாவி, வலது ஓரமா நிறுத்துடா!"

"நிறுத்தறேன். வலப்பக்கம் காலியா? நீ சொன்னாத்தான் திருப்புவேன்."

என் கண்ணுக்குத் தெரிந்தது சமையலறைச் சுவர்தான்.

"சீக்கிரம் சொல்லுடா," என்றான்.